சுங்கச்சாலையும் டோல்கேட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை என்பது பொதுச் சொத்து, அதில் போவதற்கு எதற்குக் காசு? டோல்கேட்டில் வண்டி நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைக் கேட்கிறார். கேள்வி நியாயமானது, மிகப் பழையதும்கூட. இதற்குப் பல நாடுகளில் பல காலங்களில் சொல்லப்பட்ட பதில்களையும், அந்தப் பதில்களை மக்கள் ஏற்காத நேரங்களில் நடந்தவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாலைக்குச் சுங்கம் வாங்கும் வழக்கம் எவ்வளவு பழையது?

எழுத்தில் உள்ள சான்றுகளே ஏறக்குறைய 2,000 ஆண்டுகளைத் தொடுகின்றன. அர்த்தசாஸ்திரத்தில் வழிச்சுங்கத்துக்குத் தனி விகிதப் பட்டியலே இருக்கிறது. அதை வசூலிப்பவர் அந்தபாலன் எனப்படும் எல்லைக் காவல் அதிகாரி. அந்தக் காலத்துப் 'பணம்' என்ற நாணயத்தில், சரக்குச் சுமைக்கு ஒன்றேகால், குதிரை கழுதை போன்ற விலங்குக்கு ஒன்று, மாட்டுக்கு அரை, ஆடு போன்ற சிறு விலங்குக்குக் கால். தோளில் சுமந்து வருபவர் மாஷம் என்ற சிறு காசு ஒன்று கொடுத்தால் போதும்.

எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து வரும் விதி. வழியில் வணிகரின் பொருள் தொலைந்தாலோ களவு போனாலோ அந்த அதிகாரியே ஈடு கட்ட வேண்டும். அதாவது சுங்கம் வாங்கியவர் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்கிறார். இந்தப் பொறுப்பு இருந்த இடங்களில் சுங்கம் பெரும்பாலும் சச்சரவில்லாமல் நடந்திருக்கிறது. அது இல்லாமல் போன இடங்களில் வாயில்கள் உடைந்திருக்கின்றன. கீழே வரும் பதில்கள் பலவற்றில் இதைப் பார்க்கலாம்.

எகிப்தில் நைல் நதிக்கரையிலிருந்த கோப்டோஸ் நகரத்தின் சுங்க விகிதம், கி.பி. 90இல் கல்லில் வெட்டப்பட்டு இன்றும் இருக்கிறது. செங்கடல் துறைமுகங்களுக்குப் போகும் பாலைவனச் சாலைக்கான பட்டியல் அது. அங்கே புழங்கிய திராக்மா என்ற நாணயத்தில், மாலுமிக்கு 5 திராக்மா, கப்பலின் பாய்மரத்தைக் கொண்டு போக 20 திராக்மா. பிணத்தை எடுத்துக்கொண்டு போய்த் திரும்பும் சவ ஊர்வலத்துக்கும் 1 திராக்மாவும் ஓபோல் என்ற சில்லறைக் காசு 4ம். முசிறியில் ஏற்றிய மிளகு ரோமாபுரிக்குப் போனதும் இந்தச் சாலை வழியாகத்தான்.

அரேபியாவின் சாம்பிராணிப் பாதையைப் பற்றி எழுதிய ரோமானியர் பிளினி, தண்ணீருக்கு ஓரிடத்தில், தீவனத்துக்கு ஓரிடத்தில், தங்குவதற்கு ஓரிடத்தில், நடுநடுவே சுங்கம் என்று மத்தியதரைக் கடற்கரை வந்து சேர்வதற்குள் ஒட்டகம் ஒன்றுக்கு 688 தினாரியஸ் (ரோமானிய நாணயம்) செலவாகிவிடும் என்று கணக்குச் சொல்கிறார். வாங்கும் பொருளின் விலைக்குள் சாலைச் சுங்கம் ஒளிந்திருப்பது அப்போதே தொடங்கிவிட்டது.

தமிழில் இதற்குப் பழைய சான்று உண்டா?

உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் மிளகுப் பொதி சுமந்த கழுதைச் சாத்து, அதாவது வணிகர் கூட்டம், ஒன்று வருகிறது. பொதி சுமந்து சுமந்து கழுதைகளின் முதுகில் தழும்பு ஏறியிருக்கிறது. அவை போகும் பாதையை உல்கு, அதாவது சுங்கம், வாங்கும் பெருவழி என்கிறார் புலவர். அந்தப் பெருவழி கிளை பிரியும் இடங்களை வில்லேந்திய வீரர்கள் காக்கிறார்கள் என்றும் சேர்த்தே சொல்கிறார். காவலும் சுங்கமும் இங்கேயும் ஒன்றாகவே வருகின்றன.

பிற்காலத்தில் முதலாம் குலோத்துங்கன் (ஆட்சி 1070 முதல்) 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் பெற்றான். ஒரு வரியை நீக்கியதற்காக அரசனுக்குப் பட்டமே வந்தது என்றால், அந்த வரி மக்களை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

இடைக்காலத்தில் இது வழிப்பறியாக மாறியது என்கிறார்களே, உண்மையா?

சில இடங்களில் உண்மைதான். 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் பகுதிகளில் பேரரசு பலவீனப்பட்டபோது, ரைன் நதிக்கரைப் பிரபுக்கள் தங்கள் கோட்டைகளிலிருந்து இஷ்டத்துக்குச் சுங்கம் பிடுங்கினார்கள். நதிக்கு நடுவே தீவில் நிற்கும் ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டை, 14ஆம் நூற்றாண்டில் படகுகளிடம் சுங்கம் வாங்குவதற்கென்றே எழுப்பப்பட்டது. ஜப்பானிலும் கோயில்களும் பிரபுக்களும் வைத்த சுங்கத் தடைகள் பெருகி வணிகம் திணறியது. 16ஆம் நூற்றாண்டில் ஓடா நொபுனாகா என்ற போர்த்தலைவர் தன் ஆட்சிப் பகுதியில் அவற்றை ஒழித்துக்கட்டினார். அடுத்து வந்த டோக்குகாவா ஆட்சியில் ஹக்கோனே போன்ற சாவடிகள் இருந்தாலும், அவற்றின் வேலை வேறு. தலைநகருக்குள் துப்பாக்கி வருகிறதா, பணயம்போல அங்கே வைக்கப்பட்டிருந்த பிரபுக்களின் மனைவிமார் வெளியே தப்புகிறார்களா என்று சோதிப்பதுதான்.

இன்றைய சுங்கச்சாலை முறைக்கு முன்னோடி எது?

இங்கிலாந்து. அங்கே 1555இல் வந்த சட்டப்படி, அந்தந்த ஊர் மக்கள் ஆண்டுக்கு 4 நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும். பிறகு அது 6 நாளானது. உள்ளூர் வண்டிப்பாதைக்கு இது சரி. லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலை தங்கள் ஊரைக் கடந்து போகிறது என்ற ஒரே காரணத்துக்காக, யாரோ ஓட்டும் பார வண்டிகள் உண்டாக்கும் பள்ளத்தை அந்த ஊர்க்காரர்கள் ஏன் நிரப்ப வேண்டும்? வெயிலிலும் சேற்றிலும் உழைப்பது ஒருவர், பலன் இன்னொருவருக்கு. இந்த அநியாயத்துக்கு மாற்றாகத்தான் 1663இல் நாடாளுமன்றம் சுங்கத்துக்கு அனுமதி கொடுத்தது. வேட்ஸ்மில், காக்ஸ்டன், ஸ்டில்டன் என்று மூன்று இடங்களில் வாயில் வைக்கத் திட்டம்.

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து உள்ளூர்ப் பிரமுகர்கள் அடங்கிய அறக்குழுக்களிடம் சாலைகள் ஒப்படைக்கப்பட்டன. குழு கடன் வாங்கிச் சாலையைச் சீராக்கும், சுங்கத்திலிருந்து வட்டி கட்டும். உரிமை பெரும்பாலும் 21 ஆண்டுகளுக்கு. காலம் முடிந்தால் சாலை இலவசமாகிவிடும் என்பது ஏற்பாடு. நடைமுறையில் கடன் அடையவே இல்லை, உரிமை திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 1830களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள், 20,000 மைலுக்கும் அதிகமான சாலை, 8,000 வாயில்கள் வரை இருந்தன.

அந்த வாயில்களில் பணம் வாங்கியது யார்?

பெரும்பாலும் குத்தகைக்காரர்கள். ஓராண்டு வசூலை மொத்தமாக ஏலம் விட்டுவிடுவார்கள். ஏலத்தில் தில்லுமுல்லு நடக்காதிருக்க 1773ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி வைத்தது. மேசை மேல் ஒரு நிமிட மணற்குடுவை இருக்க வேண்டும். ஒருவர் விலை கேட்டவுடன் அதைக் கவிழ்ப்பார்கள். மணல் முழுதும் இறங்கியதும் மறுபடி கவிழ்ப்பார்கள், அப்புறம் மூன்றாவது முறை. அதற்குள் வேறு யாரும் விலை ஏற்றாவிட்டால் குத்தகை அவருக்கு. இவ்வளவு கவனமாக விதி எழுதியும், குத்தகைக்காரர்கள் முன்கூட்டியே தங்களுக்குள் பேசிவைத்துக்கொள்வதைத் தடுக்க முடியவில்லை.

வாயிலில் உட்கார்ந்து காசு வாங்கும் காவலர் பாவப்பட்ட மனிதர். இரவு பகல் பாராமல் கதவு திறக்க வேண்டும். வருபவரின் கோபம் முழுக்க அவர்மேல்தான் இறங்கும். அவருக்குக் கொடுத்த வீடு பெரும்பாலும் சாலையை நோக்கித் துருத்திக்கொண்டு பல பக்க ஜன்னல்களோடு இருக்கும், உள்ளிருந்தே இரு திசையும் பார்ப்பதற்காக. விகிதப் பலகை சுவரில் தொங்கும்.

யாருக்கு விலக்கு இருந்தது?

நடந்து போகிறவர்கள், படைவீரர்கள், அரச குடும்பம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகிறவர்கள், சவ ஊர்வலம். 1785 முதல் தபால் வண்டிக்கும் சுங்கம் இல்லை. வண்டியின் காவலர் தொலைவிலிருந்தே கொம்பு ஊதுவார், வந்து சேர்வதற்குள் கதவு திறந்திருக்க வேண்டும்.

அகலச் சக்கரம் வைத்த பார வண்டிக்கு 1753 முதல் சலுகை கொடுத்தார்கள். அகலச் சக்கரம் சாலையை அழுத்திச் சமப்படுத்தும், குறுகிய சக்கரம் உழுதுவிடும் என்ற கணக்கு. இன்று அச்சு எண்ணிக்கை பார்த்து லாரிக்குக் கட்டணம் போடுவதற்குப் பின்னாலும் சாலையை யார் எவ்வளவு தேய்க்கிறார்கள் என்ற அதே கேள்விதான். ஏய்ப்பும் அன்றே உண்டு. குதிரைக் கணக்கில் கட்டணம் என்பதால் வாயிலுக்கு முன்பாகவே ஒரு குதிரையை அவிழ்த்துவிடுவார்கள். இதற்கும் தண்டனை வைத்தார்கள்.

வாங்கிய காசுக்குச் சாலை நன்றாக இருந்ததா?

எல்லா இடத்திலும் இல்லை. ஆனால் நன்றாக நடந்த குழுக்கள் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தன. சிறுவயதிலேயே அம்மையால் பார்வை இழந்த ஜான் மெட்கால்ஃப், 1765இல் தொடங்கி வட இங்கிலாந்தில் சுமார் 180 மைல் சுங்கச்சாலை போட்டார். கைத்தடியால் தட்டித் தட்டியே நிலத்தை அளந்தவர். சதுப்பு நிலத்தில் சுள்ளிக் கட்டுகளைப் பரப்பி அதன்மேல் சாலையை மிதக்கவிட்டார். 1816இல் பிரிஸ்டல் சுங்கச்சாலைக் குழுவின் மேற்பார்வையாளரான ஜான் மெக்கடம், ஒரே அளவாக உடைத்த சிறு கற்களை இறுக்கி, தண்ணீர் வடியும்படி லேசாக மேடாக்கினால் போதும் என்று காட்டினார். உலகம் முழுக்கச் சாலை போடும் முறையை மாற்றிய யோசனை இது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு 1750களில் 10 நாளுக்கு மேல் ஆன பயணம் 1830களில் சுமார் 2 நாளாகச் சுருங்கியது.

மக்கள் இதை எதிர்த்துப் போராடினார்களா?

பலமுறை. பிரிஸ்டலில் 1749இலும் லீட்ஸில் 1753இலும் கலவரம் வெடித்தது. வாயிலை உடைப்பவருக்குத் தூக்கு என்றுகூட ஒரு கட்டத்தில் சட்டம் வந்தது. அப்படியும் நிற்கவில்லை.

இவற்றில் நின்று பார்க்க வேண்டியது வேல்ஸில் 1839 முதல் 1843 வரை நடந்த ரெபெக்கா கலகம். தென்மேற்கு வேல்ஸின் மண் புளிப்பு மண், சுண்ணாம்பு போடாவிட்டால் விளையாது. ஏழை விவசாயிகள் சூளைக்குப் போய்ச் சுண்ணாம்பு ஏற்றி வருவார்கள். வழிநெடுக வேறு வேறு குழுக்களின் வாயில்கள். போதாததற்குக் குத்தகைக்காரர்கள் கிளைப்பாதைகளிலும் புதிது புதிதாகக் கதவு வைத்தார்கள். சுண்ணாம்பின் விலையைவிடச் சுங்கம் அதிகமாகும் நிலை வந்தது. விளைச்சலும் மோசம், நிலத்துக்கான குத்தகை வாரமும் கூடியிருந்தது.

1839 மே 13 இரவு எஃபைல்வென் என்ற இடத்தில் புதிதாக வைத்த வாயிலை ஒரு கூட்டம் உடைத்துப் போட்டது. ஆண்கள் பெண் உடை உடுத்தி, முகத்தில் கரி பூசி வந்தார்கள். தலைவனுக்கு ரெபெக்கா என்று பெயர். விவிலியத்தில் ரெபெக்காவின் சந்ததியார் பகைவரின் வாயில்களைக் கைப்பற்றுவார்கள் என்று ஒரு வாழ்த்து இருக்கிறது, அங்கிருந்து எடுத்த பெயர். பின்னர் ஒவ்வொரு தாக்குதலும் ஒரு சின்ன நாடகம்போல நடந்தது. பார்வை மங்கிய கிழவியாக ரெபெக்கா முன்னே வந்து, வழியில் ஏதோ தடுக்கிறதே பிள்ளைகளே என்பாள். தடுப்பது எதுவானாலும் உடைக்கிறோம் அம்மா என்பார்கள் பிள்ளைகள். கோடாரிகள் இறங்கும். பெரும்பாலும் காவலருக்குச் சாமான்களை எடுத்துக்கொள்ள நேரம் கொடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள்.

எப்போதும் அப்படி முடியவில்லை. 1843 செப்டம்பரில் ஹெண்டி வாயிலில் சாரா வில்லியம்ஸ் என்ற முதிய பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். கலகக்காரர்களின் குறை நியாயமானது என்று நினைக்கும் நானும் அந்தச் சாவை எந்த வகையிலும் நியாயப்படுத்த மாட்டேன். சுங்க விகிதத்தை முடிவு செய்தவர்களில் ஒருவரல்ல அவர்.

அரசு படை அனுப்பியது, சிலரை நாடு கடத்தியது. கூடவே விசாரணைக் குழுவும் வைத்தது. குறை உண்மை என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டது. 1844இல் தென்வேல்ஸின் குழுக்களை ஒன்றிணைத்து மாவட்டச் சாலை வாரியங்கள் அமைக்கப்பட்டன, சுண்ணாம்புக்கான சுங்கம் பாதியானது.

பாரிஸில் கதை வேறு மாதிரி. 1780களில் நகரைச் சுற்றி மதில் எழுப்பி, உள்ளே வரும் பொருளுக்கு வரி வாங்கச் சாவடிகள் கட்டினார்கள். சாலைச் சுங்கத்துக்கு உறவான நுழைவு வரி இது. 1789 ஜூலையில் மக்கள் அந்தச் சாவடிகளைக் கொளுத்தினார்கள். பாஸ்டில் சிறை வீழ்ந்ததும் அதே நாட்களில்தான்.

சாலைச் சுங்கத்தைத் தனியாரிடம் விடலாமா? பொருளாதார அறிஞர்கள் என்ன சொன்னார்கள்?

சந்தையின் வழக்கறிஞராகப் பலர் நினைக்கும் ஆடம் ஸ்மித், 1776இல் இதில் எச்சரிக்கையாகவே பேசினார். பயன்படுத்துபவர் சுங்கம் கொடுப்பது நியாயம் என்றார். ஆனால் கால்வாயையும் சாலையையும் பிரித்துப் பார்த்தார். கால்வாயைத் தூர்வாராமல் விட்டால் படகு ஓடாது, உரிமையாளருக்கு வருமானமும் போய்விடும். சாலையைக் கவனிக்காமல் விட்டாலும் குண்டும் குழியுமாக வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், சுங்கமும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே சாலைச் சுங்கத்தைத் தனியாரின் சொந்த ஆதாயத்துக்கு விடக் கூடாது என்றார். இன்று பராமரிப்புத் தரத்தை ஒப்பந்தத்தில் எழுதி, தவறினால் அபராதம் போடும் முறை வந்திருக்கிறது. அந்த அபராதம் உண்மையில் போடப்படுகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரெஞ்சுப் பொறியாளர் ஜூல் டூப்பூயி 1844இல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். நெரிசல் இல்லாத பாலத்தில் கூடுதலாக ஒருவர் நடந்து போவதால் யாருக்கும் செலவில்லை. சுங்கம் வைத்தால் அவர் போகாமல் நின்றுவிடுவார். அந்த இழப்பு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

பழைய சுங்கச்சாலைகள் ஏன் மறைந்தன?

ரயில். 1830களுக்குப் பிறகு நெடுந்தூரப் பயணிகள் ரயிலுக்குப் போய்விட்டார்கள், குழுக்கள் கடனில் மூழ்கின. சாலைகள் ஒவ்வொன்றாக உள்ளாட்சி வசம் வந்தன. பிரிட்டனின் கடைசிக் குழு ஆங்கில்சீ தீவில் 1895 நவம்பர் 1 அன்று முடிவுக்கு வந்தது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். பிலடெல்பியாவிலிருந்து லாங்காஸ்டர் வரை 62 மைல் கல் பாவிய சாலை 1790களில் தனியார் பணத்தில் வந்து, நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்கு வழிகாட்டியது. வாயிலைச் சுற்றிக்கொண்டு போகக் குறுக்குப் பாதைகளை மக்களே வெட்டிக்கொண்டதால் லாபம் பார்த்தவர்கள் குறைவு.

கார் வந்த பிறகு எப்படித் திரும்பி வந்தது?

1924 செப்டம்பரில் இத்தாலியில் மிலானிலிருந்து வரேசே நோக்கி, மோட்டார் வாகனங்களுக்கு மட்டுமேயான சுங்கச்சாலை திறக்கப்பட்டது. திட்டம் பியரோ பூரிச்செல்லி என்ற பொறியாளருடையது. அமெரிக்காவில் பென்சில்வேனியா டர்ன்பைக் என்ற சுங்கச்சாலை 1940 அக்டோபர் 1 அன்று 160 மைல் நீளத்துக்குத் திறந்தது. 19ஆம் நூற்றாண்டில் பாதியில் கைவிட்ட ரயில் பாதையின் சுரங்கங்களை அதற்குப் பயன்படுத்தினார்கள். ரயிலால் அழிந்த சுங்கச்சாலை ரயில் சுரங்கம் வழியாகவே திரும்பியது. பிறகு 1956ஆம் ஆண்டுச் சட்டம் நாடு தழுவிய நெடுஞ்சாலைகளை எரிபொருள் வரியில் கட்டத் தொடங்கியதும் அங்கே சுங்கம் பின்னுக்குப் போனது. பிரான்ஸ் 1955இலிருந்து சுங்க வழியில் போனது. ஜப்பான் 1963இல் தன் முதல் விரைவுச்சாலையை, உலக வங்கிக் கடனும் வாங்கிக் கட்டி, சுங்கத்தில் அடைத்தது.

போட்ட பணம் வந்த பிறகும் ஏன் வாங்குகிறார்கள்?

எல்லோரையும் அதிகமாகக் கோபப்படுத்தும் கேள்வி இதுதான். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு வாங்கிய கடன் 1971இலேயே தீர்ந்துவிட்டது. சுங்கம் தொடர்கிறது. இப்போது அது பராமரிப்புக்கும் பேருந்து, படகுச் சேவைகளுக்கும் போகிறது. பாலத்துக்கு ஓயாமல் வேலை இருக்கிறது என்பது உண்மை. ஆனால் எதற்காக வாங்கத் தொடங்கினோம், இப்போது எதற்காக வாங்குகிறோம் என்று கொடுப்பவருக்குக் கணக்குக் காட்டுவது கட்டாயக் கடமை என்று நினைக்கிறேன். ஒரு காரணம் முடிந்ததும் சத்தமில்லாமல் அடுத்த காரணம் வருவதுதான் நம்பிக்கையைக் கெடுக்கிறது.

எடுத்தே விட்ட இடங்களும் உண்டு. ஸ்காட்லாந்தில் ஸ்கை தீவுப் பாலத்தின் சுங்கம், ஆண்டுக்கணக்கான மறியலுக்குப் பிறகு 2004இல் நீங்கியது. ஃபோர்த், டே பாலங்களில் 2008இல் நீங்கியது. ஸ்பெயினில் குத்தகை முடிந்த ஏ.பி.-7 நெடுஞ்சாலையின் நீண்ட பகுதிகள் 2021 செப்டம்பரில் இலவசமாயின.

நிற்காமல் கட்டும் முறை எப்போது வந்தது?

பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரி 1959இலேயே, வாகனத்தில் மின்னணுக் கருவி பொருத்தி நெரிசலுக்கேற்பக் கட்டணம் வாங்கலாம் என்று வாஷிங்டனுக்கு யோசனை சொன்னார். அப்போது யாரும் கேட்கவில்லை. 1980களின் இறுதியில் நார்வே மின்னணு வசூலைத் தொடங்கியது. 1997இல் டொரன்டோவின் 407ஆம் நெடுஞ்சாலை சாவடியே இல்லாமல் திறந்தது. இந்தியாவில் 2021 பிப்ரவரி முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயம்.

இதில் நேர லாபத்தைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களில் மின்னணு வசூல் வந்த பிறகு, சாவடிகளிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களின் குறைப்பிரசவம் சுமார் 11 சதவீதம் குறைந்தது என்று ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. வரிசையில் நின்று உறுமும் வண்டிகளின் புகை அக்கம்பக்கத்து வீடுகளுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்பது இதிலிருந்து தெரிகிறது.

நகருக்குள் போகக் கட்டணம் வாங்குவதும் சுங்கம்தானா?

நோக்கம் வேறு. சாலைக்குச் செலவான காசை மீட்பதற்குப் பதில், கூட்டத்தைக் குறைப்பதற்கான கட்டணம் அது. சிங்கப்பூர் 1975இல் கண்ணாடியில் ஒட்டும் காகித அனுமதிச் சீட்டோடு தொடங்கி 1998இல் மின்னணு முறைக்கு மாறியது. லண்டன் 2003இல் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் நிதானமான வழியில் போனது. 2006இல் ஏழு மாதம் சோதனை, பிறகு வாக்கெடுப்பு, 2007இல் நிரந்தரம். கட்டணப் பகுதியின் எல்லையைக் கடக்கும் வாகனங்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. முதலில் எதிர்த்தவர்கள் பலர், தெரு காலியானதைக் கண்ணால் பார்த்த பிறகு மனம் மாறினார்கள்.

பழைய சுங்கச்சாவடிகளை இன்று பார்க்க முடியுமா?

முடியும். ரைன் நடுவே ஃபால்ஸ்கிராஃபென்ஸ்டைன் கோட்டைக்குப் படகில் போகலாம். பாரிஸில் க்ளோத் நிக்கோலா லெதூ வடிவமைத்த சாவடிகளில் லா வில்லெத் வட்ட மண்டபம் நிற்கிறது. ஹக்கோனே சாவடியை அதே இடத்தில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பிரிட்டனில் பல சுங்க வீடுகளில் இப்போது குடும்பங்கள் வசிக்கின்றன, துருத்திய ஜன்னலை வைத்து அடையாளம் காணலாம். தெற்கு லண்டனில் டல்விச் பகுதியின் காலேஜ் ரோட்டில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வைத்த சுங்க வாயில் ஒன்று, இன்றும் கார்களிடம் காசு வாங்கிக்கொண்டிருக்கிறது.